ஸ்டிக்கர் போனது, பிசுக்கு போகவில்லை

படகுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

பழைய படகை வாங்கியவர்கள், பெயரை மாற்றுகிறவர்கள், வெளுத்துப்போன வரிப் பட்டையைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் என்று பலரும் இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்: படகில் ஒட்டிய பழைய ஸ்டிக்கரையும் அதன் பசையையும் எப்படி எடுப்பது? அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே விட்டுவிட்டோம்.

கேள்வி: ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டு பக்கமும் பழைய பெயர், நீளமாக ஒரு பட்டை, பின்பலகையில் சில படங்கள். எல்லாம் வினைல் ஸ்டிக்கர். பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். நகத்தால் நிமிண்டினால் கடுகு கடுகாக உதிர்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கழுவுவதில் ஆரம்பியுங்கள். கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் எழுத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் உப்பும் மணலும்தான் பிறகு துணிக்கடியில் மாட்டிக்கொண்டு ஜெல்கோட் (ஃபைபர் படகின் பளபளப்பான மேல்பூச்சு) முழுக்கக் கோடு இழுக்கும். நல்ல தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ். முடிந்ததும் நன்றாகக் காயவிடுங்கள்.

அது ஏன் உதிர்கிறது? வினைல் இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அதை வளையவைப்பது உள்ளே கலந்திருக்கும் இளக்கி. வருஷக்கணக்காக வெயில் பட்டால் இளக்கியில் கொஞ்சம் ஆவியாகப் போகிறது, கொஞ்சம் பின்னால் இருக்கும் பசைக்குள் இறங்குகிறது. மேலே படலம் முறுகிப்போகிறது, அடியில் பசை களியாகிறது. படலம் சுருங்குவதும் உண்டு. எழுத்தைச் சுற்றி மையிட்டது போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், அது சுருங்கிய படலம் வெளியே விட்டுச்சென்ற பசையும் அதில் படிந்த அழுக்கும்தான். ஆக வேலை இரண்டு. முறுகிய படலத்தைச் சற்று நேரத்துக்கு மறுபடி இளக்கி உரிப்பது ஒன்று. பசையைத் தனியாகக் கவனிப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சுரண்டப் பார்த்துத்தான் பலர் படகைக் காயப்படுத்திவிடுகிறார்கள்.

இளக்க ஹேர் டிரையர் போதும். மூலையிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளிப் பிடித்து, சின்ன வட்டமாக ஆட்டிக்கொண்டே அரை நிமிடம், ஒரு நிமிடம் காட்டுங்கள். உள்ளங்கையை வைத்து மூன்று எண்ணும்வரை தாங்குகிற சூடு சரியான சூடு. 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளலாம். மூலையைப் பிளாஸ்டிக் பிளேடால் நெம்பி, கைக்குப் பிடி கிடைத்ததும் சுமார் 45 பாகைச் சாய்வில் மெதுவாக, நிறுத்தாமல் இழுங்கள். உரிகிற கோட்டுக்கு இரண்டு விரல் முன்னால் டிரையர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அந்த இடத்தில் பசை ஒரு குறுக்குக் கோடாகத் தங்கிவிடும்.

சூடு சரியா என்பதை ஸ்டிக்கரே சொல்லும். படலம் ரப்பர் போல நீண்டு அறுந்தால் சூடு அதிகம். உரிந்த இடத்தில் பசையும் நூல் நூலாக இரண்டாகப் பிரிந்து நிற்கும். பொறுக்குப் பொறுக்காக உடைந்தால் சூடு போதவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சூடு இருக்கிறது. அது கிடைத்துவிட்டால் பசையில் பெரும்பகுதி படலத்தோடேயே வந்துவிடும். கிடைக்காவிட்டால் இழுக்கும் சாய்வை 90 பாகைவரை மாற்றிப் பாருங்கள். முதல் முயற்சியைப் பின்பலகையில் இருக்கும் சின்னப் படத்தில் செய்யுங்கள், முன்பக்கத்துப் பெயரில் வேண்டாம்.

பிளேடு விஷயம். ஜெல்கோட்டில் இரும்பு பிளேடே படக் கூடாது என்று சொல்ல மாட்டோம். பழகிய கை செய்யும். ஆனால் கீறுவது பெரும்பாலும் பிளேடின் வாய் அல்ல, அதன் இரண்டு மூலைகள். உப்புத்தாளில் நாலைந்து தரம் தேய்த்து அந்த மூலைகளை மழுக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்துத் தள்ளலாம். பெயின்ட் அடித்த படகிலும், அக்ரிலிக் பிளாஸ்டிக் கண்ணாடியிலும், ரப்பர் படகிலும் இரும்பு பிளேடு வேண்டவே வேண்டாம்.

சூடு காட்டியும் கடுகு கடுகாகத்தான் வருகிறது என்றால் அந்த ஸ்டிக்கரில் உரிக்க ஒன்றும் மிச்சமில்லை. அதற்கு ரப்பர் சக்கரம். அதைப் பற்றிக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

கேள்வி: ஹேர் டிரையர் ஆமை வேகம். ஹீட் கன் வைத்தால் சீக்கிரம் முடியாதா?

பதில்: முடியும், ஜெல்கோட்டும் சேர்ந்து முடியும். பல ஹீட் கன்கள் உச்ச நிலையில் 500 டிகிரிக்கு மேல் காற்றை ஊதுகின்றன. பாலியஸ்டர் ஜெல்கோட் அதில் ஒரு சிறு பங்கு சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். ஒரே இடத்தில் சில வினாடி நின்றால் மஞ்சளிக்கும், இன்னும் நின்றால் கொப்புளிக்கும். மஞ்சள் மேலாக இருந்தால் தேய்த்து எடுக்கலாம். கொப்புளத்துக்கு வெட்டி, நிரப்பி, நிறம் சேர்த்து மறுபடி ஜெல்கோட் போடுவதைத் தவிர வழியில்லை. உங்களிடம் இருப்பது ஹீட் கன் மட்டும்தான் என்றால் குறைந்த நிலையில் வைத்து, 20 செ.மீ. தள்ளி, கை ஓயாமல் ஆட்டுங்கள். கரும் நிறப் படகு வெயிலில் நின்றாலே 60 டிகிரியைத் தொடும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், பதினோரு மணி வெயிலே உரித்துக் கொடுக்கும்.

சூட்டை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் அளவெடுங்கள்.

கேள்வி: ஸ்டிக்கர் வந்துவிட்டது. அடியில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று பசை. அசிட்டோன், தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய், எண்ணெய் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: எல்லோரும் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பெட்ரோலைத் தவிர. அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். எந்தக் குளிரிலும் தீப்பற்றும் ஆவி அது, தோலுக்கும் கேடு.

ஸ்டிக்கர் பசை இரண்டு குடும்பம். நல்ல வினைல் எழுத்துகளில் பெரும்பாலும் அக்ரிலிக் பசை. மலிவான தாள் ஸ்டிக்கர், பேக்கிங் டேப், மாஸ்கிங் டேப் போன்றவற்றில் ரப்பர் வகைப் பசை. ரப்பர் வகை மினரல் டர்பன்டைனிலும் மண்ணெண்ணெயிலும் சுலபமாக இளகும். அக்ரிலிக் பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ, ஆரஞ்சுத் தோல் எண்ணெயான லிமோனீன் கலந்த பசை நீக்கியோ நன்றாகப் பிடிக்கும். எது உங்கள் பசை என்று ஆராய வேண்டியதில்லை. ஓரத்தில் நாலு சதுர அங்குலத்தில் சாதுவானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்: வெந்நீரும் சோப்பும், பிறகு டர்பன்டைன், பிறகு லிமோனீன், பிறகு ஆல்கஹால். அசிட்டோன் கடைசி. பெரும்பாலும் அதுவரை போகவே வேண்டியிருக்காது.

எது எடுத்தாலும் அதற்கு நேரம் கொடுங்கள். துணியை நனைத்து உடனே தேய்த்தால் பசை கரையாது, பரவும். ஒரு சாண் பிசுக்கு ஒரு முழமாகும். மூன்று நான்கு மடிப்பு டிஷ்யூ பேப்பரைப் பசையின் மேல் வைத்து, சொட்டாத அளவுக்கு நனைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை மூடி ஓரங்களை அழுத்திவிடுங்கள். டர்பன்டைனும் லிமோனீனும் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறலாம். பிளாஸ்டிக்கை விலக்கும்போது பசை வெளுத்துச் சுருக்கம் விழுந்து, விரலால் தள்ளினால் புழு போல உருண்டு வர வேண்டும். உருளாமல் இழுத்தால் இன்னும் மூன்று நிமிடம். உருண்டதைப் பிளாஸ்டிக் பிளேடால் ஒரே திசையில் தள்ளி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் துணியால் வெளியிலிருந்து உள்ளே நோக்கித் துடையுங்கள். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப் பக்கம். பசை ஏறிய பக்கத்தாலேயே துடைத்துக்கொண்டிருப்பது எடுத்த பசையைத் திரும்பப் பூசுவதுதான். ஒரு பக்கத்துப் பெயர் முழுவதற்கும் கால் லிட்டர் கரைப்பான் தாராளம்.

அசிட்டோனைப் பற்றி. நன்றாக இறுகிய ஜெல்கோட்டில் ஈரத் துணியால் சட்டென்று ஒரு துடைப்புத் துடைத்தால் ஒன்றும் ஆகாது. ஊற வைத்தால் மேற்பரப்பு மென்மையாகிப் பளபளப்புப் போகும். தவிர, அது நொடியில் பறந்துவிடுவதால் பசையை இளக்கி நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விடும்; பசை இன்னும் மெல்லிய படலமாகப் பரவிக் காய்ந்திருக்கும். ஆக பசை எடுக்க அது அவ்வளவு சிறந்த கரைப்பானும் அல்ல. தின்னர் என்பது பல கரைப்பான்களின் கலவை, டப்பாவுக்கு டப்பா மாறும். என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெயின்ட் உரிக்கும் களிம்பு வகைகள் ஜெல்கோட்டையே உரிக்கும்.

எண்ணெய் வேலை செய்யும், பொறுமை இருந்தால். துரு நீக்கும் ஸ்பிரேயும் சமையல் எண்ணெயும் பசையை இளக்குகிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். அவசரமில்லாத இடத்துக்கு ஒரு மணி நேரம் ஊறவிடலாம். ஆனால் எண்ணெய், லிமோனீன், டர்பன்டைன் மூன்றுமே பின்னால் ஒரு வழவழப்பை விட்டுச்செல்லும். சோப்புத் தண்ணீரால் கழுவி, கடைசியாக ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால்தான் வேலை முடிந்தது. முடிந்ததா என்று பார்க்க, காய்ந்த இடத்தில் பின்னங்கையை வைத்து இழுங்கள். ஒட்டினால் இன்னும் பசை இருக்கிறது.

கேள்வி: கேபினுக்குள்ளும் நிறைய லேபிள்கள். அங்கேயும் இதே முறையா?

பதில்: உள்ளே கரைப்பானை முடிந்தவரை தவிருங்கள். சூடு, பிளாஸ்டிக் பிளேடு, எண்ணெய், சோப்பு என்று முடித்துக்கொள்ளப் பாருங்கள். கரைப்பான் ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. கதவு திறந்திருந்தாலும் அவை மேலே போகாது. படகின் அடிவயிற்றில் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு இறங்கித் தங்கும். அங்கேதான் பம்ப்பும் அதன் தானியங்கி சுவிட்சும் பேட்டரி வயர்களும் இருக்கின்றன. அசிட்டோன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பற்றும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சுமார் 12 டிகிரியில். அதாவது சாதாரண நாளில் இரண்டுமே தயார் நிலையில் இருக்கின்றன. கட்டாயம் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்து, எல்லாத் திறப்புகளையும் திறந்து, வெளியிலிருந்து உள்ளே காற்றடிக்கிற மாதிரி ஃபேன் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு லேபிள்.

உள்ளோ வெளியோ, ஹேர் டிரையரும் கரைப்பானும் ஒரே நேரத்தில் கூடவே கூடாது. சூட்டு வேலை முழுவதும் முடிந்து கருவியை எடுத்து வைத்த பிறகே டப்பாவின் மூடியைத் திறக்க வேண்டும். சாதாரண நைட்ரைல் கையுறை டர்பன்டைனுக்குப் போதும். அசிட்டோன் அதை நிமிடங்களில் ஊடுருவிவிடும், அதற்கு பியூட்டைல் ரப்பர் கையுறை. நனைந்த துணிகளைக் கசக்கி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள். படகு தண்ணீரில் மிதக்கும்போது இந்த வேலையே வேண்டாம். உருண்ட பசையும் கரைப்பானும் நேராக மீன்களிடம் போகும்.

கேள்வி: டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் என்று ஒன்று இருக்கிறதாமே? பென்சில் ரப்பர் போல அழித்துவிடுமாம்.

பதில்: அழிக்கும். வெயிலில் முறுகிய பட்டைகளுக்கும் பஞ்சு டேப் மிச்சத்துக்கும் அதைப்போல் ஒன்றில்லை. பல சக்கரங்களில் உச்ச வேகம் நிமிடத்துக்கு 4,000 சுற்று என்று அச்சிட்டிருக்கும். அது உச்சம், உங்களுக்கான இலக்கு அல்ல. 1,000 முதல் 1,500 சுற்று போதும். ஆங்கிள் கிரைண்டரில் மாட்டிவிடாதீர்கள். அது 10,000 சுற்றைத் தாண்டும், சக்கரம் சிதறும்.

தட்டையாக அழுத்தாமல் சக்கரத்தின் விளிம்பால், கை எடையளவுக்கு மட்டும் அழுத்தி, இடம் வலமாக ஓட்டிக்கொண்டே இருங்கள். ஒரு இடத்தில் இரண்டு வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது, உராய்வுச் சூடே ஜெல்கோட்டைக் கருக்கிவிடும். ரப்பர் தூளாக உதிர்ந்தால் சரியான சூடு. உருகிப் பட்டையாகப் பூசினால் வேகமோ அழுத்தமோ அதிகம். அப்படிப் பூசிய ரப்பரை டர்பன்டைனால் துடைத்துவிடலாம், கவலை வேண்டாம். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், தூள் எங்கும் பறக்கும். ஒற்றைக் கலவை பெயின்ட் (ஹார்டனர் எனும் இறுக்கி கலக்காமல் அடிப்பது), அக்ரிலிக் சன்னல், ரப்பர் படகு இவற்றின் பக்கம் இதைக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: ஸ்டிக்கரும் இல்லை, பசையும் இல்லை. ஆனால் பழைய பெயரைத் தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது. கம்ப்ரஸர் வைத்துக் கழுவினாலும் போகவில்லை. இது என்ன கறை?

பதில்: கறையே இல்லை, அதனால்தான் கழுவினால் போகவில்லை. எழுத்து இருந்த இடம் மட்டும் இத்தனை வருஷமும் நிழலில் இருந்திருக்கிறது. சுற்றியுள்ள ஜெல்கோட்தான் வெயிலில் வெளுத்து, சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகியிருக்கிறது. நீங்கள் எழுத்தைத் தேய்க்கிறீர்கள். தேய்க்க வேண்டியது எழுத்தைச் சுற்றி இருப்பதை.

முதலில் நகத்தை எழுத்தின் ஓரத்துக்குக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். எதிலும் தட்டவில்லை என்றால் வேறுபாடு நிறத்தில் மட்டும்தான். ரப்பிங் காம்பவுண்டும் (தேய்த்து மெருகேற்றும் களிம்பு) பாலிஷும் போதும். கம்பளி பேட் மாட்டிய பாலிஷ் மெஷின், 1,200 முதல் 1,800 சுற்று, ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி சதுரம். காம்பவுண்ட் ஒரு டீஸ்பூன் அளவு. அதிகம் வைத்தால் தெறிக்கும், வேலை செய்யாது. நிழலில் செய்யுங்கள். வெயிலில் காம்பவுண்ட் காய்ந்து அதுவே ஒரு கறையாகும்.

நகம் தட்டினால், சுற்றிலும் ஜெல்கோட் தேய்ந்து எழுத்து மேடாக நிற்கிறது என்று பொருள். இங்கே வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், வேண்டும். 1000 நம்பரில் தொடங்கி 1500, 2000, பிறகு காம்பவுண்ட், பாலிஷ், கடைசியில் வாக்ஸ். மேடு நன்றாகத் தெரிந்தால் 800. அதற்குக் கீழே, அதாவது இன்னும் கரடான தாளுக்குப் போவதை நாங்கள் சொல்ல மாட்டோம். ஜெல்கோட் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர், பழைய படகில் முன்பே யாராவது தேய்த்திருந்தால் அதுவும் இருக்காது. ஓரங்களிலும் முனைகளிலும் இன்னும் மெல்லியது. தேய்க்கும்போது நிறம் மாறி அடியில் இருண்ட நிழல் தட்டினால் அடுத்த இழுப்பிலேயே ஃபைபர் தெரியும், அங்கேயே நிறுத்துங்கள்.

தாளை விரலால் பிடித்துத் தேய்க்காதீர்கள். விரல் பள்ளம் பறிக்கும், பளபளப்பு வந்த பிறகு அலையலையாகத் தெரியும். ரப்பர் பிளாக்கில் சுற்றிப் பிடியுங்கள். வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, தாள் எப்போதும் நனைந்தபடி. ஒரு சின்ன உபாயம்: தேய்ப்பதற்கு முன் அந்த இடம் முழுவதும் பென்சிலால் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் எங்கே மறைந்திருக்கிறதோ அங்கே தாள் பட்டிருக்கிறது. எங்கே நிற்கிறதோ அது பள்ளம். நம்பர் மாறும்போதெல்லாம் மறுபடி கிறுக்கி, முந்தைய தாளுக்குக் குறுக்குத் திசையில் தேயுங்கள். முந்தைய தாளின் கோடுகள் முழுதாக மறையாமல் அடுத்த நம்பருக்குத் தாவினால், பாலிஷ் போட்டபின் அந்தக் கோடுகள் வெயிலில் வந்து நிற்கும். திரும்ப முதலிலிருந்துதான்.

சிவப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களில் நிறமே ஆழமாக வெளுத்திருக்கும். அதை எவ்வளவு தேய்த்தாலும் லேசாக ஒரு தடம் இருக்கும். வாக்ஸ் போட்டு விட்டுவிடுங்கள். மூடியிருந்த பகுதியும் வெயில் பட்டு மெல்ல மங்கிச் சேர்ந்துகொள்ளும். அதுவரை காத்திருக்க மனமில்லை என்றால் புதிய பெயரைப் பழைய தடத்தைவிடப் பெரிதாக, ஒரு பின்னணிப் பட்டையோடு ஒட்டுவதுதான் வழி.

வீட்டுச் சுவருக்கு விற்கும் வெள்ளை மாய ஸ்பாஞ்சைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது மெலமைன் நுரை, மிக நுண்ணிய உப்புத்தாள் போலத்தான் வேலை செய்யும். பசை எடுக்கும், பளபளப்பையும் எடுக்கும்.

கேள்வி: என் படகு பெயின்ட் அடித்தது. ஜெல்கோட் அல்ல. கரைப்பான் பெயின்டைத் தின்றுவிடுமா?

பதில்: எந்த பெயின்ட் என்பதைப் பொறுத்தது. கண்ணில் படாத இடத்தில், கழுவிச் சுத்தம் செய்தபின், வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து இருபது வினாடி தேயுங்கள். துணியில் நிறம் தாராளமாக ஏறி மேற்பரப்பும் ஒட்டினால் ஒற்றைக் கலவை எனாமல் வகை. அதில் வெந்நீர், சோப்பு, எண்ணெய், அதிகபட்சம் டர்பன்டைனைத் தொட்டு எடுப்பது, அவ்வளவுதான். நிறம் ஏறவில்லை என்றால் ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவை பாலியூரித்தேன். ஆல்கஹாலும் டர்பன்டைனும் தைரியமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பளபளப்பு மேலே இருக்கும் மெல்லிய ரெசின் தோலில் இருக்கிறது. காம்பவுண்ட் போட்டு அந்தத் தோலைக் கிழித்தால் அன்றைக்கு மின்னும், பிறகு சீக்கிரம் மங்கும். எனவே தடம் எடுக்கிறேன் என்று மெஷினைத் தூக்காதீர்கள்.

வார்னிஷ் பூசிய மரத்துக்கு இன்னும் மென்மை வேண்டும். சூட்டை இன்னும் குறைத்து, எண்ணெயால் ஊறவைத்து, நகத்தாலேயே எடுங்கள்.

கேள்வி: முன் கண்ணாடி அக்ரிலிக். அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஆல்கஹால் போட்டு எடுத்தேன். இப்போது உள்ளே சிலந்தி வலை போல நுண்ணிய வெடிப்புகள். பாலிஷ் போட்டால் போகுமா?

பதில்: போகாது. வெடிப்பு மேலே இல்லை, உள்ளே இறங்கியிருக்கிறது. வளைத்து போல்ட் போட்ட அக்ரிலிக்கில் இறுக்கம் எப்போதும் இருக்கும். ஆல்கஹாலோ அசிட்டோனோ பட்டதும் அந்த இறுக்கம் நுண் வெடிப்பாக விடுபடுகிறது. ஓட்டைகளைச் சுற்றித்தான் முதலில் வரும். பார்வையை மறைத்தால் பலகையை மாற்ற வேண்டியதுதான். அடுத்த தடவை வெந்நீரும் சோப்பும். போகாத பசைக்குத் துணியில் சிறிது மண்ணெண்ணெய், உடனே சோப்புக் கழுவல். கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அம்மோனியா இருக்கலாம். அக்ரிலிக்குக்கும் பாலிகார்பனேட்டுக்கும் அது ஆகாது.

கேள்வி: காற்றடைத்த படகு, பாலிஎதிலீன் கயாக், அலுமினியப் படகு மூன்றும் எங்கள் குழுவில் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே டப்பா போதுமா?

பதில்: போதாது. காற்றடைத்தது பிவிசி என்றால் அசிட்டோன் அதன் தோலையே பிசுபிசுப்பாக்கும், பிறகு அந்தப் பிசுக்கு போகவே போகாது. ஆல்கஹால் துணியால் சுருக்கமாகத் துடையுங்கள். சூடு காட்டும்போது தையலோரங்களிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். பல படகுகளில் குழாய்களைச் சேர்த்து வைத்திருப்பதும் பசைதான். பிடிக்குச் சற்றுக் காற்று இருக்கட்டும், முழு அழுத்தம் வேண்டாம்.

கயாக்கில் முதலில் அது ஸ்டிக்கர்தானா என்று பாருங்கள். சில படங்களை வார்க்கும்போதே பிளாஸ்டிக்கோடு உருக்கிச் சேர்த்திருப்பார்கள். நகத்துக்கு விளிம்பே தட்டாது. அது வராது. ஒட்டியதாக இருந்தால் மூன்றிலும் சுலபம் இதுதான், பாலிஎதிலீனில் எந்தப் பசையும் அரைமனதாகத்தான் ஒட்டும். சூடு மட்டும் மிதமாக, இல்லாவிட்டால் அடிப்பாகம் குழிந்துவிடும்.

பெயின்ட் இல்லாத அலுமினியம் மேலே சொன்ன கரைப்பான்களைத் தாங்கும். இரும்பு நாரைத் தொடாதீர்கள்: அதன் துணுக்குகள் உள்ளே பதிந்து துருப்பிடித்து, அந்த இடத்தில் அலுமினியத்தையும் அரிக்கவைக்கும். காஸ்டிக் கலந்த கிளீனரும் அதைக் கறுக்கடிக்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், பின்பலகையில் வலப்பக்கம் ஒரு நீளமான எண் மட்டும் இருக்கிறது. அதையும் எடுக்கலாமா?

பதில்: கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்து 12 அல்லது 14 இடங்கள் இருந்தால் அது படகின் உடல் அடையாள எண். ஐ.எஸ்.ஓ. 10087 தரப்படி நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து 14 இடம். நாடு, கட்டியவர், வரிசை எண், கட்டிய மாதம், ஆண்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை என்று சொல்லும் தகட்டையும் தொடாதீர்கள். பதிவு எண்ணை மாற்றுவதாக இருந்தால் முதலில் பதிவு அதிகாரியின் காகிதம், பிறகு ஹேர் டிரையர்.

கேள்வி: கொஞ்சம் பசை மிச்சமிருக்கிறது. தேய்த்துவிட்டு மேலேயே பெயின்ட் அடித்தால்?

பதில்: வேண்டாம். பசையைத் தேய்த்தால் தாளின் கீறல்களுக்குள் அடைத்துக்கொள்ளும், பெயின்ட் அங்கே வட்ட வட்டமாக விலகி மீன்கண் மாதிரி நிற்கும். முதலில் கரைப்பான், பிறகு சோப்பு, அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பெயின்டும் போகும், பொழுதும் போகும்.

கேள்வி: தடித்த பஞ்சு டேப்பில் ஒட்டிய பிளாஸ்டிக் பெயர்ப்பலகையை எப்படி எடுப்பது?

பதில்: நெம்பாதீர்கள். அரை மில்லிமீட்டர் நைலான் தூண்டில் நரம்பைப் பலகைக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு முனையையும் குச்சியில் சுற்றிக்கொண்டு ரம்பம் போல இழுங்கள். முன்னதாக லேசாகச் சூடு காட்டினால் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போகும். நரம்பு ஒரே இடத்தில் முட்டினால் அங்கே பலகைக்குப் பின்னால் ஆணியோ ஊசியோ இருக்கிறது. அதை எடுத்தபின் வரும் ஓட்டையை எபாக்ஸியால் அடைத்துவிடுங்கள். தங்கிய பஞ்சுக்கு ரப்பர் சக்கரம்.

கேள்வி: புதுப் பெயர் தயாராக இருக்கிறது. எப்போது ஒட்டலாம்?

பதில்: பாலிஷ் போட்ட கையோடு வாக்ஸும் போட்டிருப்பீர்கள், அதுதான் இப்போது தடை. பெயர் வரும் இடத்தில் வாக்ஸை எடுத்தாக வேண்டும். டர்பன்டைனால் துடைத்து, சோப்பில் கழுவி, பிறகு ஆல்கஹால். இரண்டு துணி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றால் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன்பே உலர்ந்த இன்னொன்றால் எடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த வாக்ஸ் அங்கேயே திரும்ப உட்கார்ந்துவிடும். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் வாக்ஸ் இன்னும் இருக்கிறது. ஒரே தகடாக வழிந்தால் தயார்.

புதிதாக பெயின்ட் அடித்த படகென்றால் டப்பாவில் சொன்ன இறுகும் காலம் முழுவதும் போகட்டும்; உள்ளிருந்து வரும் ஆவி ஸ்டிக்கரைக் கொப்புளமாகத் தூக்கும். நீளமான எழுத்துகளை ஈரத்தில் ஒட்டுவது சுலபம்: ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு சோப்பு, படகிலும் பசைப் பக்கத்திலும் தெளித்து, நகர்த்தி நேர் பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் அட்டையால் தண்ணீரைத் தள்ளுங்கள். எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மேல்தாளை உடனே உரிக்காதீர்கள். அரை மணி கழித்து, எழுத்தை நோக்கி நன்றாக மடக்கிப் படுக்கையாக இழுங்கள். எழுத்தின் முனை கூடவே எழும்பினால் திரும்ப வைத்து அழுத்திவிட்டு இன்னும் பத்து நிமிடம் காத்திருங்கள். அழுத்தத்தால் ஒட்டும் அக்ரிலிக் பசை அன்றைக்கே முழுப் பிடிப்புக்கு வராது. அறை வெப்பத்தில் அதற்கு மூன்று நாள் ஆகலாம். அதுவரை கம்ப்ரஸரை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம்.